எல்லாருக்கும் ஒரே பாஸ் எதற்கு?

குழு: சுவிஸ் பயணம் ஜூன்

பெரியப்பா: டிராவல் ஏஜென்ட் நம் எல்லாருக்கும் 8 நாள் சுவிஸ் டிராவல் பாஸ் போட்டுவிடலாம் என்கிறார். சாயங்காலத்துக்குள் பணம் கட்டவேண்டுமாம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அத்தை: அண்ணா, மலை ரயில் எல்லாம் அதில் அடக்கமா?

பெரியப்பா: "எல்லாம் ஃப்ரீ சார்" என்றாரே.

பெர்ன் அண்ணன்: அப்பா கட்டாதீங்க!! மீட்டிங்கில் இருக்கிறேன், முடிந்ததும் எழுதுகிறேன்.

பெரியம்மா: அவன் சொல்லட்டும், பொறுங்கள். அங்கேயே இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு ஏஜென்டிடம் எதற்குக் கேட்கவேண்டும்?

பெர்ன் அண்ணன்: சரி, வந்துவிட்டேன். அந்த பாஸில் ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் டிராம், மியூசியம் எல்லாம் உண்டு, அதில் பொய் இல்லை. வில்லங்கம் மலை உச்சிக்குப் போகும் ரயிலில்தான். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் முழு இலவசம். கோர்னர்கிராட், டிட்லிஸ் பாதி விலை. ஆனால் அம்மா போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் யுங்ஃப்ராயோக் மலை ஸ்டேஷன் இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதம் மட்டும் தள்ளுபடி, பெரிய செலவே அந்த மேல் பகுதிக்குத்தான். பாஸுக்குப் பதில் ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்திருந்தால் அதே டிக்கெட் பாதி விலை. அந்தக் கார்டு ஒரு மாதம் செல்லும், ரயில் டிக்கெட்டும் பாதி விலைக்குக் கிடைக்கும்.

பெரியப்பா: அப்படியென்றால் பாஸே வேண்டாமா?

பெர்ன் அண்ணன்: உங்களுக்கும் அம்மாவுக்கும் வேண்டாம். என் வீட்டில்தான் தங்கப்போகிறீர்கள், இரண்டு நாள் வெளியே போனால் மூன்றாம் நாள் வீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவீர்கள், அதுவும் 8 நாள் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விட்டு விட்டு வரும் நாள்களுக்கென்று ஃப்ளெக்ஸ் பாஸ் ஒன்று இருக்கிறது, அது சாதா பாஸைவிட விலை அதிகம். அத்தை வீட்டுக் கதை வேறு.

அத்தை: எங்கள் கதை என்னப்பா?

பெர்ன் அண்ணன்: நீங்கள்தான் தினம் ஒரு ஊர் என்று ஓடுகிறீர்களே அத்தை. லூசர்னில் படகு ஏறி விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து ரிகி ரயில் (1871-இல் வந்தது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில்), மறுநாள் ட்ஸெர்மாட், அப்புறம் செயின்ட் மோரிட்ஸ், அடுத்த நாள் பெர்னினா மலை ரயில். இதற்குத் தொடர்ச்சியாக 4 நாள் பாஸ் கச்சிதம். யுங்ஃப்ராயோக் உங்கள் பட்டியலிலேயே இல்லை.

நான்: அத்தை வீட்டுத் தம்பிக்கும் தனி பாஸ் எடுக்கவேண்டுமா? அவனுக்கு 14.

பெர்ன் அண்ணன்: வேண்டாம். 16 வயது ஆகாத பிள்ளைகள் அப்பா அல்லது அம்மா கூட வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம், பாஸ் எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கவேண்டும். ஏஜென்ட் அவனுக்கும் சேர்த்தா விலை போட்டிருக்கிறார்?

அத்தை: ஆமாம்!

பெரியம்மா: பார்த்தீர்களா.

அத்தை: கிளேசியர் எக்ஸ்பிரஸ் நிச்சயம் வேண்டும். வீடியோ பார்த்ததிலிருந்து அதே நினைப்பு.

பெர்ன் அண்ணன்: டிக்கெட் பாஸில் அடக்கம், ஆனால் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. ட்ஸெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் 8 மணி நேரம், பெயர்தான் எக்ஸ்பிரஸ். அதே தண்டவாளத்தில் சாதா ரயிலும் ஓடுகிறது, ரிசர்வேஷன் தேவையில்லை, நடுவில் மாறி மாறி ஏறவேண்டும். சாப்பாடு சீட்டுக்கே வரவேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறக்கூடாது என்றால் கிளேசியர் சரிதான். பெர்னினாவுக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள், சாதா ரயிலில் போங்கள். பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடி திறக்காது, போட்டோ எடுத்தால் உங்கள் கை, போன், பின்சீட்டுக்காரர் தலை எல்லாம் பனிமலை மேல் விழும். சாதா பெட்டிகள் பலவற்றில் ஜன்னலைக் கீழே இறக்கலாம், குளிர் முகத்தில் அறையும், படம் சுத்தமாக வரும்.

மாமா: பெர்னினாவை நான் விடமாட்டேன். 14 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், தண்டவாளப் பல்லைப் பிடித்து ஏறும் பல்சக்கரமே கிடையாது. நம் ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் இல்லாமல் குன்னூர் ஏற முடியுமா? அந்தப் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் சுவிஸ்காரர், ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சினும் அங்கே வின்டர்தூரில் செய்ததுதான். லோகோ ஷெட்டில் இருந்தவன் இதைச் சொல்லாமல் யார் சொல்வது.

அத்தை: ஆரம்பித்துவிட்டார் 😄

மாமா: எந்தப் பக்கம் உட்காரவேண்டும்?

பெர்ன் அண்ணன்: செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோ போகும்போது வலது பக்கம் மாமா. மோர்டெராட்ச் பனியாறும் வெள்ளை ஏரியும் அந்தப் பக்கம்தான். பாதையின் உச்சி 2,253 மீட்டர். இறங்கும்போது புரூசியோவில் ரயில் பாலத்து மேலே ஒரு வட்டம் அடித்து அதே பாலத்துக்கு அடியில் வெளியே வரும், உங்களுக்குப் பிடிக்கும். திரானோ இத்தாலியில் இருந்தாலும் பாஸ் அதுவரை செல்லும்.

பெரியப்பா: யுங்ஃப்ராயோக் டிக்கெட்டை இப்போதே வாங்கிவிடலாமா?

பெர்ன் அண்ணன்: வேண்டாம் அப்பா. காலையில் வெப்கேமராவில் மலை தெரிகிறதா பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வோம். மேகம் மூடியிருந்தால் 3,454 மீட்டர் ஏறியும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். அன்றைக்கு வேறு எங்காவது போய்க்கொள்ளலாம்.

பெரியப்பா: சரி. எங்களுக்கு இரண்டு ஹாஃப் ஃபேர் கார்டு, தங்கச்சி வீட்டுக்கு இரண்டு 4 நாள் பாஸ், பையனுக்கு ஃபேமிலி கார்டு. ஏஜென்டிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பெர்ன் அண்ணன்: அவரே வேண்டாம், ஆன்லைனில் நான் எடுத்துவிடுகிறேன். எல்லாரும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைத் தனியாக எனக்கு அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.

பெரியம்மா: 📷 படம்

பெர்ன் அண்ணன்: அம்மா!! டெலீட் செய்யுங்கள்.