வில்லியம்ஸ்பர்க்: வேடிக்கைதானா, விஷயமும் இருக்கிறதா?

நிலாஅம்மா:
ஜூலையில் வர்ஜீனியா போகிறோம். மகளுக்குப் பத்து வயது, பள்ளியில் அமெரிக்கப் புரட்சி பாடம் ஓடுகிறது. அங்கே 18-ஆம் நூற்றாண்டு ஊரை அப்படியே காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகமான கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு நாள் தங்கலாமா என்று யோசனை. பொய்முடி வைத்தவர்கள் தெருவில் நின்று குனிந்து வணங்குவதோடு சரியா, இல்லை உருப்படியாக எதுவும் தெரிந்துகொள்ளலாமா? அடிமைகளைப் பற்றிப் பேசுவார்களா, மழுப்பிவிடுவார்களா?

சாலைப்பிரியன்:
அங்குள்ள பெரிய தெருவான டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவில் நடக்கக் காசு இல்லை. கட்டடங்களுக்குள்ளும் பட்டறைகளுக்குள்ளும் போகத்தான் டிக்கெட். வெயில் பிளக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிச்மண்ட்காரன்:
சொந்தக்காரர் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். (1780-ல் வர்ஜீனியாவின் தலைநகரை எங்கள் ஊருக்கு மாற்றியதால்தான் வில்லியம்ஸ்பர்க் தூங்கி வழிந்து, பழைய வீடுகள் தப்பின. அந்த நன்றி அவர்களுக்கு இருக்க வேண்டும்!)

ஆளுநர் மாளிகையில் நேரத்தைக் கரைக்காதீர்கள். 1781-ல் எரிந்துபோனதை 1930களில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சுவர் நிறையத் துப்பாக்கியும் வாளும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். பட்டறைகளுக்குப் போங்கள். அங்கே இருப்பவர்கள் வெறும் வேடதாரிகள் இல்லை, பழைய முறையில் வருடக்கணக்காகத் தொழில் பழகியவர்கள். நம் காலத்து ஆளாகவே பேசுவார்கள், எதையும் கேட்கலாம். அச்சுக்கூடத்தில் இரண்டு தோல் பந்துகளில் மை தடவி, கோத்த எழுத்துகள்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பதை மகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒரு தாள் வெளியே வர இவ்வளவு பாடா என்று தோன்றும். 1765-ல் அந்தத் தாளுக்கும் முத்திரை வரி கட்டு என்று பிரிட்டன் சொன்னதும் அச்சுக்காரர்கள் ஏன் கொதித்தார்கள் என்று அப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம். கோடையில் செங்கல் போடும் இடத்தில் வெறுங்காலோடு களிமண் மிதிக்க விடுவார்கள். மாற்றுத்துணி அவசியம்.

அடிமைகள் விஷயம். புரட்சிக்கு முன் அந்த ஊரில் பாதிப் பேர் கறுப்பின மக்கள், அநேகமாக எல்லோரும் அடிமைகள். அந்தப் பாதி இருந்ததாகவே ரொம்ப நாள் காட்டவில்லை. 1979-ல்தான் கறுப்பினக் கலைஞர்கள் அந்த வாழ்க்கையை நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தையே தெருவில் நடத்தியபோது பெரிய எதிர்ப்பு. அங்கே கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பிரிவின் அப்போதைய தலைவர் கிறிஸ்டி கோல்மன் தானே விற்கப்படும் பெண்ணாக நின்றார். அது சரியா தப்பா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் சண்டை. நான் கோல்மன் பக்கம்.

உங்கள் மகளிடம் 1775 நவம்பரைப் பற்றிச் சொல்லிக் கூட்டிப்போங்கள். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்து மன்னருக்காக ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று மன்னரின் ஆளுநர் டன்மோர் அறிவித்தார். சுதந்திரம் பேசிய எஜமானர் ஒரு பக்கம், விடுதலை தருவதாகச் சொல்லும் மன்னர் மறுபக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய, அடிமைகளையும் வைத்திருந்த ஜெஃபர்சனாக வருபவரிடம் கேள்வி கேட்கட்டும். அவர் வேடத்தை விட்டு இறங்க மாட்டார், 18-ஆம் நூற்றாண்டுக்காரராகவே பதில் சொல்வார். கேட்கச் சங்கடமாக இருக்கும், அதற்காகத்தான் போவது.

நிலாஅம்மா:
நன்றி! சின்னப்பெண் பயந்துவிட மாட்டாளே?

ரிச்மண்ட்காரன்:
நான் பார்த்தவரை பேச்சுதான், அடிதடி இல்லை. பீரங்கிச் சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்தச் சொல்லுங்கள்.

ஊசிநூல்:
துணிக்கடையை யாரும் சொல்லவில்லையே! அந்தக் காலப் பெண்கள் உடுத்திய பூப்போட்ட சீட்டித்துணியில் நம் சோழமண்டலக் கரைச் சரக்கும் உண்டு. 1721-லிருந்து 1774 வரை இங்கிலாந்தில் அதை உடுத்தத் தடை. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்ப மட்டும் தடை இல்லை. அங்கே தைப்பவர்களிடம் இதை எடுத்துவிட்டால் அரை மணி நேரம் விடமாட்டார்கள்.