ஸ்பின் வந்தாலே வாஷிங் மெஷின் அலறுது, பேரிங்தானே?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது 7 கிலோ ஃப்ரண்ட் லோட். துவைக்கும்போது லேசான உறுமல்தான். ஸ்பின் வேகம் ஏறினால் மிக்ஸியில் கொண்டைக்கடலை போட்ட மாதிரி கடகடவென்று சத்தம். நாலு காலும் சமமாகத்தான் நிற்கிறது. பம்ப் ஃபில்டரில் சட்டைப் பட்டனும் ஹேர்பின்னும் வந்தன, சத்தம் போகவில்லை. ப்ளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினாலும் அதே கரகரப்பு. டிரம் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் ஆடுகிறது. பின்னால் டிரம் சுழலும் தண்டான ஷாஃப்டைச் சுற்றித் துருநீர் வடிந்த தடம். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் போய் பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் டப்பையே, அதாவது டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியையே, மாற்றணும் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை, இது ஸ்க்ரூ போட்டு மூட்டிய டப், ஒட்டியதல்ல, பிரிக்கலாம். பழைய பேரிங்கை டப் உடையாமல் எப்படித் தட்டி எடுப்பது? ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் புது சீல் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.