நியூட்ரல் போய் டிவி எரிந்தது: காசு யார் கொடுப்பது?

மாடிப்படி:
போன வியாழன் இரவு மழை விட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் ஹால் விளக்கு கண் கூசும்படி எரிந்தது. அடுத்த நொடி டிவி, பிரிட்ஜ் போர்டு, வைஃபை பெட்டி மூன்றும் காலி. அதே நேரம் மாடியில் இருப்பவர்களுக்கு விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி மங்கிவிட்டது, மின்விசிறி சுற்றவே இல்லை. த்ரீ பேஸ் சர்வீஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகள் (பேஸ்) உள்ள இணைப்பு. கீழ் வீட்டுக்கு ஒரு பேஸ், மாடிக்கு ஒரு பேஸ், மோட்டாருக்கு ஒன்று.

லைன்மேன் போஸ்ட்டில் ஏறிப் பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றார். எலக்ட்ரீஷியன் "இது லைன் கோளாறு" என்கிறார். வீட்டு ஓனரோ "கரண்டுக்கு நான் என்ன செய்வேன்" என்கிறார். நான் வாடகைக்கு இருப்பவன். யாரிடம் கேட்பது?

பழைய டெஸ்டர்:
தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது நியூட்ரல் கட், அதாவது எல்லா பேஸுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பிப் போகும் வயர் அறுந்திருக்கிறது. முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன், இந்தக் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். நியூட்ரல் இருக்கும் வரை ஒவ்வொரு பேஸுக்கும் அதற்கும் இடையே 230 வோல்ட். அது அறுந்தால் கீழ் வீட்டுச் சாமானும் மாடி வீட்டுச் சாமானும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாகப் பிரியாது. லோடு குறைவாக ஓடும் வீட்டுக்குத்தான் அதிக வோல்ட் வரும். மாடியில் அந்த நேரம் ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ ஓடியிருக்கும். அவர்களுக்கு மங்கல், உங்களுக்கு 300க்கு மேல்.

எம்சிபி, அதாவது தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், ஏன் விழவில்லை என்று கேட்காதீர்கள். அது கரண்ட் கூடினால்தான் விழும். வோல்ட் கூடினால் அதற்குத் தெரியாது.

யார் பொறுப்பு என்பதற்கு ஒரே பதில்தான்: எங்கே அறுந்தது? போஸ்ட்டிலா, அங்கிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலா, மீட்டரில் வயர் மாட்டும் டெர்மினலிலா, மெயின் சுவிட்சிலா? அதைப் பார்க்காமல் பேசிப் பயனில்லை.

கேள்விக்குறி:
ஐயா, இதெல்லாம் மின்வாரியத்துக்கு வசதியான பேச்சு. பில் கட்டும்போது நம்மிடம் டெஸ்டர் வைத்தா வாங்குகிறார்கள்? 230க்கு மேலும் கீழும் 6 சதவீதம்தான் மாறலாம் என்று 1956ஆம் வருட மின்சார விதிகளிலேயே இருந்தது. அதாவது 244 வரை. 300 வந்தால் சப்ளை செய்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். 2002ல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் என்ன சொன்னது? அறுந்து கிடந்த கம்பியின் மேல் சைக்கிளில் போன ஒருவர் இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் வந்த வினை என்று வாரியம் வாதாடியது. கோர்ட் ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்குக் கவனக்குறைவு இருந்ததோ இல்லையோ, பொறுப்பு உண்டு என்றது.

பழைய டெஸ்டர்:
அது தெருவில் போன உயிர். இது வீட்டுக்குள் எரிந்த டிவி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன 6 சதவீதமும் மின்சாரத்தை நம்மிடம் ஒப்படைக்கும் இடத்தில் இருக்க வேண்டிய அளவு. அந்த இடம் எது என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளில் சொல்லியிருந்தார்கள்: நுகர்வோர் வைத்திருக்கும் சுவிட்சுக்குள் மின்சாரம் நுழையும் டெர்மினல். நம் ஊர் பாஷையில் மெயின் சுவிட்சின் மேல் ஸ்க்ரூ. அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடையது, இந்தப் பக்கம் நம்முடையது.

சாவிக்கொத்து:
நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். "இந்தப் பக்கம் நம்முடையது" என்றால் நம்மில் யார்? குடியிருப்பவர் ஒரே பிளக்கில் ஏசியும் ஓவனும் மாட்டுவார், வயர் வெந்தால் ஓனர் கொடுக்க வேண்டுமா? ஏற்கெனவே அட்வான்ஸ் விஷயத்தில் படுகிற பாடு போதாதா?

மாடிப்படி:
சார், எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது.

கேள்விக்குறி:
சாவிக்கொத்து சார், தமிழ்நாட்டில் 2017ஆம் வருட வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங் ஓனர் வேலை. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் குடியிருப்பவர் வேலை. நீங்கள் சொன்ன பிளக் அவர் கணக்கு. மெயின் சுவிட்சிலிருந்து உள்ளே போகும் வயர் உங்கள் கணக்கு.

சாவிக்கொத்து:
அது சரி செய்யும் செலவுக்குத்தானே? எரிந்த டிவிக்கு அதில் எங்கே இருக்கிறது?

பழைய டெஸ்டர்:
அட, இது நியாயமான கேள்வி. வயரை மாற்றித் தருவது வேறு, அதனால் எரிந்த சாமானுக்கு நஷ்டஈடு வேறு. இரண்டாவதற்கு ஓனரின் அலட்சியத்தைக் காட்ட வேண்டும். முன்பே விளக்கு ஆடுகிறது, மெயின் சுவிட்ச் சூடாகிறது என்று சொல்லியிருந்தீர்களா தம்பி? வாட்ஸப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும்.

மாடிப்படி:
சித்திரையில் "லைட் அடிக்கடி டிம் ஆகுது சார்" என்று ஓனருக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

இன்று வேறு எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் சுவிட்சைத் திறந்தோம். நியூட்ரல் வயரை மாட்டும் உலோகத் துண்டு (நியூட்ரல் லிங்க்) கருகி, வயரின் முனை உருகிக் கிடக்கிறது. மேல் ஸ்க்ரூ, அதாவது மீட்டரிலிருந்து வரும் வயர் மாட்டியிருக்கும் இடம்.

கேள்விக்குறி:
பார்த்தீர்களா! மீட்டரிலிருந்து வரும் வயர். போன வருஷம் மீட்டர் மாற்றினார்களா? அப்போது அந்த ஸ்க்ரூவைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால்?

பழைய டெஸ்டர்:
"விட்டிருந்தால்" என்பதை வைத்து எதுவும் நடக்காது. மீட்டர் மாற்ற வருபவர் மீட்டரின் டெர்மினலைத்தான் கழற்றுவார், மெயின் சுவிட்சுக்குள் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. லிங்க் இருப்பது நம் பெட்டியில். பித்தளை ஸ்க்ரூ வருஷக்கணக்கில் சூடாகி ஆறி இளகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து முறுக்கியிருந்தால் இது வந்திருக்காது. அதை யார் செய்கிறார்கள்? நான் என் வீட்டில் செய்ததில்லை, உண்மையைச் சொன்னால்.

தம்பி, அந்தக் கருகிய லிங்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இரவோடு இரவாக மாற்றிவிட்டு மறுநாள் நியாயம் கேட்பார்கள்.

கேள்விக்குறி:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. எல்லைக் கோடே ஒரு ஸ்க்ரூ என்றால், அந்த ஸ்க்ரூவில் கருகினால் பாதி அவர்களுடையது. 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் குறைதீர்ப்பு மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். மின்சாரம் வழங்குவது சேவை என்றே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பழைய டெஸ்டர்:
போஸ்ட்டில் அறுந்திருந்தால் நானே வந்து சாட்சி சொல்லியிருப்பேன். இதற்கு வரமாட்டேன்.

மாடிப்படி:
படத்தையும் சித்திரையில் அனுப்பிய செய்தியையும் ஓனருக்கு அனுப்பினேன். புது மெயின் சுவிட்சும், வோல்ட் கூடினால் சப்ளையைத் துண்டிக்கும் ரிலேயும் அவர் செலவில் நேற்று மாட்டியாகிவிட்டது. பிரிட்ஜ் போர்டுக்குப் பாதி தருவதாகச் சொல்கிறார். டிவியைப் பற்றிக் கேட்டதற்கு "பழைய டிவிதானே" என்றார்.

சாவிக்கொத்து:
எத்தனை வருஷத்து டிவி?

மாடிப்படி:
ஒன்பது.

சாவிக்கொத்து:
பாதி போர்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் போய் நாலு போர்ஷன் மெயின் சுவிட்சையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.