மரக்குடிலில் கரிக்கணப்பு: எங்களுக்கு நேர்ந்தது

நீலகிரிக்குக் குடும்பத்துடன் சென்று வந்தவர்:

சென்ற ஜனவரியில் உதகைக்கு அருகே ஒரு முகாமில், பலகையால் கட்டிய குடிலில் நாங்கள் நால்வர் இரண்டு இரவுகள் தங்கினோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மேலே தகரம், உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை. புல்வெளியில் உறைபனி படியும் பருவம் அது. பொழுது சாய்ந்ததும் பராமரிப்பாளர் இரும்புச் சட்டி நிறையக் கனிந்த கரியுடன் வந்து, “உள்ளேயே வெச்சுக்குங்க சார், இதுல புகையே வராது” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. புகை வந்திருந்தால் இருமிக்கொண்டாவது வெளியே ஓடியிருப்போம்.

சன்னலைச் சாத்தி, கூரைக்குக் கீழே குளிர்காற்று வந்துகொண்டிருந்த துவாரத்தையும் துண்டால் அடைத்துவிட்டுப் படுத்தோம். இரவு இரண்டு மணியளவில் தலைவலியுடன் எழுந்த மைத்துனர், கதவைத் திறப்பதற்குள் கால் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். மலைப்பாதை வளைவுகளின் மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் நால்வருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் இருந்ததைக் கண்ட பிறகே சந்தேகம் வந்து சட்டியை வெளியே வைத்தோம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போகாமல் விடியும்வரை காத்திருந்தது எங்கள் இரண்டாவது தவறு.

காரணம் கார்பன் மோனாக்சைடு. பலர் இதைக் கரியமில வாயு என்று எழுதுகிறார்கள். அது வேறு, இது வேறு. காற்றோட்டம் போதாத இடத்தில் கரி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வதால், தூங்குபவர் விழிக்காமலே போய்விடக்கூடும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலை ஊரில், கேரளத்திலிருந்து சென்ற எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, எரிவாயு ஹீட்டர் வைத்த விடுதி அறையில் இறந்ததை அன்று செய்தியில் படித்தவன்தான் நான். படித்தது வேறு ஊர்ச் செய்தியாகவே மனத்தில் தங்கியிருக்கிறது.

மறுநாள் கேட்டு வாங்கிய 2,000 வாட் ஆயில் ஹீட்டர் வேறொரு பாடம் கற்பித்தது. அது ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும்; குடிலில் இருந்ததோ 6 ஆம்பியர் சாக்கெட். கால் மணி நேரத்தில் பிளக் கைவைக்க முடியாதபடி சுட்டது. 16 ஆம்பியர் இணைப்பு இருக்கிறதா என்பதை இப்போதெல்லாம் முன்பதிவின்போதே கேட்டுவிடுகிறேன்.

ஏலகிரியில் குடில்கள் பராமரிப்பவர்:

துவாரத்தை அடைப்பதுதான் நாங்கள் அன்றாடம் காணும் தொல்லை. நால்வர் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால், அது குளிர்ந்த தகரத்தின் அடியில் நீராகப் படிந்து, விடியற்காலையில் படுக்கையில் சொட்டும். பலகையில் பூசணமும் பிடிக்கும். கூரை ஒழுகுகிறது என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு, மழையே இல்லாத மாதத்தில்!

எங்கள் ஊர் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம்தான் என்பதால், எங்களுக்குக் குளிரைவிட மே மாத வெயிலே பெரிய கவலை. தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி செய்த பிறகு, பிற்பகலில் அறைக்குள் உட்கார முடிகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் வைத்து வலையடித்தால் இரவில் விசிறியே போதும். இடுக்குள்ள பலகைச் சுவருக்கு ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்; ஒருமுறை போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டோம்.

மலையேற்றத்துக்குச் செல்பவர்:

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி என்று தனியாகவே கிடைக்கிறது. புகையை மட்டும் உணரும் கருவி இதற்குப் பயன்படாது. நான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். அது இருக்கிறதே என்று கரியை உள்ளே எடுத்துச் செல்வதில்லை. அந்த இரண்டாம் இரவை எப்படிக் கழித்தீர்கள்?

நீலகிரிக்குச் சென்று வந்தவர்:

ஹீட்டரை அணைத்துவிட்டுத் துவாரத்திலிருந்த துண்டையும் உருவினோம். ஆளுக்கு இரண்டு கம்பளி, குரங்குக் குல்லா, காலடியில் வெந்நீர்ப் பை. விடியற்காலையில் அறைக்குள் 9 டிகிரி இருந்தது. மைத்துனர்தான் முதலில் எழுந்து தேநீர் கேட்டார்.