வரிச்சுருளில் சுற்றுகளை இரட்டித்தும் காந்தப்புலம் ஏன் கூடவில்லை?

கேள்வி – பத்தாம்வகுப்பு
2 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில், 0.4 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பியை 5 செ.மீ. நீளத்துக்கு 100 சுற்று சுற்றியது ஒரு சுருள். அதே கம்பி, அதே குழாய், 10 செ.மீ. நீளத்துக்கு 200 சுற்று என்பது இன்னொன்று. ஒரே 1.5 வோல்ட் மின்கலத்தில் மாற்றி மாற்றி இணைத்தால், 200 சுற்றுச் சுருளின் நடுவில் புலம் குறைவாக இருக்கிறது. சுற்று கூடினால் புலம் கூட வேண்டாமா?

பதில் – அளவுகோல்
உங்கள் அளவீடு சரிதான். நீண்ட வரிச்சுருளின் (குழாய் வடிவில் சுற்றிய கம்பிச் சுருளின்) உள்ளே புலத்தைத் தீர்மானிப்பது மொத்தச் சுற்றுகள் அல்ல, ஒரு மீட்டருக்கு எத்தனை சுற்று என்பதே. காந்தப்புலம் = 1.26 × 10⁻⁶ × மீட்டருக்கான சுற்றுகள் × மின்னோட்டம். உங்கள் இரண்டு சுருள்களிலும் மீட்டருக்கு 2000 சுற்று. 1 ஆம்பியர் ஓடினால் இரண்டிலும் சுமார் 2.5 மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு).

நீளத்தைக் கூட்டும்போது புதிய சுற்றுகள் முனைகளில்தான் சேருகின்றன. ஒரு வளையத்தின் புலம் தூரம் போகப் போக வேகமாகத் தேய்ந்துவிடும். அதனால் அவை நடுப்புள்ளிக்குத் தருவது மிகக் கொஞ்சம். 5 செ.மீ. சுருள் ஏற்கெனவே அந்தச் சூத்திர மதிப்பில் 93 சதவீதத்தைத் தந்துவிடுகிறது, 10 செ.மீ. சுருள் 98 சதவீதம் தருகிறது. கிடைத்தது அவ்வளவுதான்.

குறைந்ததற்குக் காரணம் மின்தடை. 100 சுற்றுக்குச் சுமார் 6.3 மீட்டர் கம்பி, 0.86 ஓம். 200 சுற்றுக்கு அதன் இரு மடங்கு. மின்கலம் அதேதான் என்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும் (மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் அகமின்தடையால் முழுப் பாதி ஆகாது). ஒப்பிட வேண்டுமானால் அம்மீட்டரையும் ரியோஸ்டாட்டையும் (மாற்றிக்கொள்ளக்கூடிய மின்தடையையும்) தொடராக இணைத்து, இரண்டிலும் ஒரே மின்னோட்டத்தை வைத்துப் பாருங்கள்.

பத்தாம்வகுப்பு
அப்படியானால் 5 செ.மீ.யிலேயே இரண்டாம் அடுக்காக இன்னொரு 100 சுற்று சுற்றலாமா? கம்பி திரும்பி வரும்போது புலம் எதிர்த்திசையாகி அழிந்துவிடாதா?

பதில் – செம்புக்கம்பி
அழியாது. கம்பி குழாயின் நீளத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது முக்கியமில்லை. குழாயைச் சுற்றி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதே முக்கியம். வலது கையின் நான்கு விரல்களை மின்னோட்டம் சுழலும் திசையில் மடக்கினால் பெருவிரல் வட முனையைக் காட்டும். முதல் அடுக்கு வலஞ்சுழியானால், திரும்பி வரும் அடுக்கையும் அதே பக்கமிருந்து பார்த்து வலஞ்சுழியாகவே சுற்றுங்கள். கம்பியை அறுக்காமல், குழாயை அதே திசையில் உருட்டிக்கொண்டே வந்தால் இது தானாக அமையும். நடுவில் நிறுத்திவிட்டுக் குழாயைத் திருப்பிப் பிடித்து மறுபடி தொடங்கும்போதுதான் சுழற்சி மாறிப்போகும். அப்போது உண்மையாகவே ஒன்றை ஒன்று அழிக்கும்.

ஆனால் அதே 1.5 வோல்ட்டில் இதுவும் பெரிய பலன் தராது. சுற்றடர்த்தி (மீட்டருக்கான சுற்றுகள்) இரட்டித்தாலும் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு லாபம் உண்டு: கம்பி குறைவாகச் சூடாகும், மின்கலமும் நெடுநேரம் தாங்கும். புலமும் கூட வேண்டுமென்றால் மின்னோட்டத்தைக் குறையவிடக் கூடாது.

இன்னொன்று: இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே இணையுங்கள். பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும் பூச்சு மின்னோட்டத்தை விடாது. நடுவில் எங்காவது பூச்சு உரிந்திருந்தால் அடுத்தடுத்த அடுக்குகள் தொட்டுக்கொண்டு, இடையிலுள்ள சுற்றுகள் பயனற்றுப் போகும். அப்போது மல்டிமீட்டரில் மின்தடை கணக்கைவிடக் குறைவாகக் காட்டும்.

பதில் – அளவுகோல்
சுருளுக்குள் இரும்புத் தண்டை உள்ளகமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் தேனிரும்பை (காந்தத்தன்மையை எளிதில் இழக்கும் இரும்பை) தேர்ந்தெடுங்கள். எஃகுத் தண்டு மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் காந்தமாகவே இருந்து, ஊசிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரும்பின் ஒப்புமை உட்புகுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் புலத்தை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) ஆயிரக்கணக்கில் என்று பார்த்துவிட்டு, புலத்தை அத்தனை மடங்கு பெருக்கிவிடாதீர்கள். குட்டையான திறந்த தண்டில், அதன் முனைகளில் தோன்றும் துருவங்களே தண்டுக்குள் எதிர்ப்புலத்தை உண்டாக்குகின்றன. அதனால் கிடைப்பது சில பத்து மடங்குதான். தண்டு எவ்வளவு நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கிறதோ, அந்த இழப்பு அவ்வளவு குறையும்.

அளக்கும் இடத்தையும் மாற்றாதீர்கள். நீண்ட வரிச்சுருளின் முனையில் அச்சின் மீது புலம் நடுவில் இருப்பதில் பாதிதான், ஏனென்றால் அங்கே சுற்றுகள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கின்றன.