ஆலையில் பட்டாக இறங்கிய ஒயின் வீட்டில் ஏன் இப்படித் துவர்த்தது?

கடைசி மேஜை

சென்ற மாதம் ஒரு சிறிய ஒயின் ஆலைக்குப் போயிருந்தேன். ஆலை என்றதும் புகைபோக்கியைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கொட்டகை; உள்ளே 11 ஓக் பீப்பாய்கள், மூலையில் இரண்டு எஃகுத் தொட்டிகள், நடுவில் கறை படிந்த நீண்ட மேஜை. எல்லா வேலைக்கும் கணவன், மனைவி இருவர்தான். ஒரு பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும், அதில் ஏறக்குறைய 300 பாட்டில் தேறும் என்று அந்த அம்மாள் பீப்பாயைத் தட்டிக்காட்டிச் சொன்னார்.

ஐந்து ஒயின்கள் ஊற்றினார்கள். அப்போதுதான் வெட்டிய புல்லைப் போல மணத்த வெள்ளை ஒயின், சாவிஞான் பிளாங்க். வெண்ணெய் வாசனையோடு, பீப்பாயில் கிடந்து எழுந்த இன்னொரு வெள்ளை, ஷார்டனே. பிறகு சிவப்பு ஒயின்கள்: ஷிராஸ், அதன் பிறகு கேபர்நே சாவிஞான். கடைசியாக, கொடியிலேயே நன்றாக வாடவிட்டுப் பறித்த பழத்தில் செய்த இனிப்பு ஒயின். நான் கேபர்நேயில் விழுந்துவிட்டேன். அடர்ந்த கரும்பழ மணம். தொண்டையில் பட்டு போல இறங்கியது. நான்கு பாட்டில்களை வாங்கி, வழி முழுவதும் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் பாட்டிலை ஓர் இரவு வெறுமனே திறந்து குடித்தேன். இரண்டு மிடறு போனதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சரி, சாப்பாட்டோடு குடிக்க வேண்டிய ஒயின் போலிருக்கிறது என்று இரண்டாவது பாட்டிலைச் சுட்ட கானாங்கெளுத்தி மீனோடு திறந்தேன். அது அதைவிட மோசம். பழைய நாணயத்தைச் சப்பியது போல இருந்தது. மீன் வாடை வெகுநேரம் வாயை விட்டுப் போகவில்லை.

மேஜையில் ஒன்றை ஊற்றிவிட்டுப் பெட்டியில் வேறொன்றை வைத்துவிட்டார்களா? இப்படி அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிலவறைப் படிக்கட்டு

பாட்டிலை மாற்றியிருக்க மாட்டார்கள். மேஜையில் சீஸ் இருந்ததா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டு அறுவடைக் காலம் இதே போன்ற சிறிய ஆலை ஒன்றில் வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். ஒயின் வியாபாரத்தில் ஒரு பழைய சொல் உண்டு: வாங்கும்போது ஆப்பிளைக் கடித்துக்கொண்டு வாங்கு, விற்கும்போது சீஸைக் கொடுத்து விற்றுவிடு. ஆப்பிளின் இனிப்பும் புளிப்பும் நாக்கில் இருக்கும்போது குடித்தால் ஒயினிடம் இருக்கிற குறையெல்லாம் மேலே வந்துவிடும். சீஸ் அதே குறைகளின் மேல் கம்பளி போர்த்திவிடும்.

அதிகநேரம் ஊறிய தேநீரைப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு போகும். அப்படி வறளவைக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் சிவப்பு ஒயினிலும் இருக்கிறது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, பீப்பாய் மரமும் கொஞ்சம் கொடுக்கிறது. உமிழ்நீரின் புரதங்களை அது பிடித்துக்கொள்வதால்தான் வாயின் வழுவழுப்பு போகிறது. தேநீரில் பாலை ஊற்றினால் டானின் பால் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது. சீஸ் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான். கூடவே கொழுப்பு நாக்கில் படர்ந்துகொள்கிறது, உப்பு கசப்பை அமுக்கிவிடுகிறது.

எங்கள் ஆலையில் வைத்தது ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கெட்டி சீஸ். வெட்டினால் நேராக வெட்டுப்படாது, உதிரும். உதிர்ந்த துண்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மணிகள் தெரியும். பலரும் உப்புக் கல் என்று நினைப்பார்கள், உண்மையில் அது புரதம் சிதைந்து விளையும் படிகம். அதை மெல்லும்போது நறநறவென்று கேட்கும். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் நான் கேபர்நேயை ஊற்றுவேன். முகம் மலர்வதைப் பார்க்கலாம். அட்டைப் பெட்டியை எடுத்து மடிக்கத் தொடங்கிவிடுவேன்.

பெரியவருக்கு, அதாவது உரிமையாளருக்கு, இது பிடிக்காது. "மூன்றாவது கோப்பை வரைக்கும் ரொட்டிகூட வைக்காதே" என்பார். அவர் மேஜையில் இல்லாத நாட்களில் விற்பனை கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவசரக் குடுக்கை

பாட்டில் எங்கே இருந்தது? பிரிட்ஜிலா?

கடைசி மேஜை

சீஸ் இருந்தது. பெரிய பெரிய துண்டுகளாக. நான் மட்டுமே அரைத் தட்டைக் காலி செய்திருப்பேன்.

பிரிட்ஜ் கதவில்தான் வைத்திருந்தேன். எடுத்த உடனே ஊற்றினேன். ஏன்?

அவசரக் குடுக்கை

குளிர்ந்தால் மணம் அடங்கிப்போகும், துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும். இந்த மாதிரி சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வரை சரியாக இருக்கும். அதற்காக வெயிலில் வைத்துவிடாதீர்கள். சூடேறினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

துவர்ப்புப் பிரியை

வாய் வறள்கிறது, சொரசொரக்கிறது என்றெல்லாம் சுற்றிவளைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. துவர்ப்பை ஒரு சுவையாகவே ஆறில் ஒன்றாக எண்ணிவைத்திருக்கிறோம். ஆகவே துவர்ப்பைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு வழக்கு உண்டு. கேபர்நேயில் அது இல்லாவிட்டால் பிறகு எதற்காகக் கேபர்நே? கொழுப்பு ஓடும் ஆட்டிறைச்சியைச் சுட்டு, மேலே உப்பைத் தூவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அந்த ஒயினைக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு கொழுப்பைத் துடைத்துவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும்.

உங்கள் மீன் விவகாரம் வேறு. அதில் துவர்ப்பைக் குற்றவாளியாக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த ஸ்காலப் சிப்பித் துண்டுகளைப் பலவகை ஒயின்களில் ஊறவைத்து முகர்ந்து பார்த்தார்கள். இரும்பு அதிகமாக இருந்த ஒயின்களில் மீன் வாடை அதிகமாக எழுந்தது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் வாடை தணிந்தது. நீங்கள் நாணயம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

எந்த பாட்டிலில் இரும்பு எவ்வளவு என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருமுறை பினோ நுவார் என்ற இலேசான சிவப்பு ஒயின் ஒன்றைச் சுட்ட சால்மன் மீனோடு குடித்தேன். ஒரு சண்டையும் இல்லை. மறுவாரம் வேறொரு சிறிய ஆலையின் பினோ, அதே மீன், அதே அடுப்பு. வாயைக் கழுவிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மீன் என்றால் வெள்ளைதான். சிப்பியோடு ஷாப்லி என்ற வெள்ளை ஒயினைக் குடிப்பவர்கள் காரணம் தெரிந்தா தொடங்கியிருப்பார்கள்? நாக்கு சொன்னதைக் கேட்டிருப்பார்கள்.

மிளகு வாசம்

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. ஓர் ஆலையில் ஷிராஸை ஊற்றிவிட்டு, "மிளகு தெரிகிறதா?" என்று கேட்டார்கள். மேஜையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் ஆகா என்றார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "அப்போதுதான் பொடித்த மிளகு" என்றார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ பழச்சாறு வாசனை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதே பாட்டிலை மூன்று நாட்கள் முகர்ந்து பார்த்தேன். மூக்குதான் குளிர்ந்தது.

பிறகுதான் ரோட்டண்டோன் என்ற பொருளைப் பற்றிப் படித்தேன். மிளகிலும் ஷிராஸிலும் ஒரே வாசனைக்குக் காரணம் அதுவே என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை எட்டவே இல்லை. நான் அந்த ஐந்தாவது ஆள். இப்போது எங்கள் வீட்டில் ஷிராஸ் திறந்தால், இறைச்சியில் மிளகு அரைத்துப் போடும் வேலை என்னுடையது. போதுமா என்று சொல்வது மனைவியின் வேலை. ஒயினில் உள்ள மிளகுக்குத் துணையாகத் தட்டிலும் மிளகு இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும் என்கிறார். நான் நம்புகிறேன், வேறென்ன செய்ய?

மற்ற ஐந்து பேரும் உண்மையாகவே முகர்ந்தார்களா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. 2001இல் வெளியான, பிரான்ஸின் போர்தோ நகரத்து ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயின் இயல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே அதற்கும் எழுதினார்கள்.

சமையலறைக் கதவு

நான் சமைப்பவன். ஒரு சிறிய ஆலைக்காரருக்காக ஐந்து தட்டு, ஐந்து கோப்பை என்று ஒரு விருந்து செய்தேன். மூன்று தட்டுகள் நன்றாக அமைந்தன. இரண்டு தட்டுகளை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

நன்றாக அமைந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாவிஞான் பிளாங்க், ஆட்டுப்பால் சீஸ். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில், சாவிஞான் பிளாங்கில் செய்யும் சான்செர் ஒயினும் பக்கத்துச் சாவிஞோல் கிராமத்துச் சீஸும் நெடுங்காலத் தம்பதி. சீஸின் புளிப்புக்கு முன்னால் ஒயினின் புளிப்பு பணிந்துகொள்கிறது, பழம் முன்னால் வருகிறது. ஷார்டனேவுக்கு வெண்ணெயில் வதக்கிய காளான். அந்த ஒயினின் வெண்ணெய் வாசனை கற்பனை இல்லை, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும்போது உண்டாகும் டயசிட்டைல். வெண்ணெய்க்கும் அந்த வாசனை அதனால்தான். ஷிராஸுக்கு வாட்டிய இறைச்சி, மிளகு.

இப்போது என் தலைகுனிவு. கேபர்நேயோடு வைத்த தட்டில் அழகுக்காக ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய் சேர்த்தேன். அதிலுள்ள சைனரின் நாக்கை ஏமாற்றும். சாப்பிட்டபின் தண்ணீர்கூடப் பலருக்கு இனிக்கும். முதல் மேஜையிலிருந்து, "இந்த ஒயினில் சர்க்கரை போட்டிருக்கிறார்களா?" என்று கேள்வி வந்தது. ஆலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அதைவிடப் பெரியது கடைசித் தட்டு. இனிப்பு ஒயினுக்கு இனிப்புப் பண்டம்தானே என்று சாக்லேட் கேக் வைத்தேன். ஒயினைவிடக் கேக் இனிப்பு அதிகம். இரண்டு வருடம் காத்திருந்து செய்த அந்த ஒயின், கேக்குக்குப் பின்னால் எலுமிச்சை பிழிந்த தண்ணீராகிவிட்டது. தட்டில் இருப்பதைவிடக் கோப்பையில் இருப்பது இனிப்பாக இருக்க வேண்டும் என்று அதன் பிறகு சுவரில் எழுதி ஒட்டினேன். ஆலைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், நீலப் பூஞ்சை ஓடிய உப்புச் சீஸை நான்கு துண்டு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சோத்தெர்ன் என்ற இனிப்பு ஒயினுக்கு ரோக்ஃபோர் நீலச் சீஸ், போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்கு ஸ்டில்டன் நீலச் சீஸ் என்று உலகமே அறிந்த சங்கதி எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, பாருங்கள்.

மிளகாய்க் காரத்தைப் பற்றியும் ஒரு வரி. ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். 14 சதவீத ஷிராஸோடு கார உணவு சாப்பிட்டால் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். ஜெர்மனியின் மோசல் பக்கத்து இனிப்பு வெள்ளை ஒயினான ரீஸ்லிங் மாதிரி 8 சதவீத அளவில் உள்ள ஒயின் இதமாக இருக்கும்.

தக்கை

எல்லோரும் வேதியியல் பேசுகிறீர்கள். விடுமுறை, நல்ல வெயில், செய்தவரே கையில் ஊற்றிக் கொடுக்கிறார். அந்த நிலையில் எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு இந்த வித்தையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்று: ஈர அட்டைப் பெட்டி வாசனை வந்ததா? வந்திருந்தால் தக்கை வழியாக டிசிஏ என்ற கெட்ட வாசனைப் பொருள் ஏறியிருக்கும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஒயினின் பழ மணம் செத்துவிடும்.

கடைசி மேஜை

அட்டை வாசனை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டிலை ஒழுங்காகத் திறந்தேன். பிரிட்ஜிலிருந்து முன்பே வெளியே எடுத்துவைத்து, 17 டிகிரி வந்த பிறகு மூன்று கோப்பைகளில் ஊற்றினேன். ஒன்றுக்கு முன்னால் ஆப்பிள், ஒன்றுக்கு முன்னால் முதிர்ந்த சீஸ், ஒன்றுக்கு முன்னால் உப்பும் கொழுப்புமாக ஆட்டு விலா.

சீஸ்: அப்படியே அந்தக் கொட்டகை. பட்டு. தக்கை அவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த முறை வெயிலும் இல்லை, விடுமுறையும் இல்லை.

ஆட்டு விலா: பட்டு என்று சொல்ல மாட்டேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் அதற்கு ஒரு வேலை இருந்தது. துவர்ப்புப் பிரியை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆப்பிள்: ஒரு துண்டைக் கடித்துவிட்டு மிடறு எடுத்தேன். ஒல்லியாக, புளிப்பாக இருந்தது. அதன் பின்னால் பச்சையாக ஒரு வாசனை. முதலில் பிடிபடவில்லை. கோப்பையைச் சுழற்றி மறுபடி முகர்ந்தேன். குடைமிளகாய். பச்சைக் குடைமிளகாயை இரண்டாக வெட்டி, விதையைச் சுரண்டும்போது வருமே, அதே வாசனை. ஒருமுறை தெரிந்த பிறகு சீஸ் கோப்பையிலும் அது இருந்தது. அடியில் பதுங்கிக்கொண்டிருந்தது.

நிலவறைப் படிக்கட்டு

பைரசின் என்ற வாசனைப் பொருள் அது. கேபர்நே சரியாகப் பழுக்கும் முன் பறித்தால் அப்படித்தான். பழுக்கப் பழுக்கக் குறையும். ஆலைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சிறிய ஆலைக்காரர்கள் மறைக்க மாட்டார்கள்.

கடைசி மேஜை

கேட்டேன். அந்த அம்மாளே பதில் எழுதியிருக்கிறார். பெரிய மழை வருகிறது என்று அந்த ஆண்டு பத்து நாள் முன்னதாகவே பறித்துவிட்டார்களாம். "அதனால்தான் கேபர்நேக்கு மட்டும் சீஸைப் பெரிதாக வெட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டின் ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கிறதாம், அது முழுதாகப் பழுத்த பழமாம், வரச் சொல்லியிருக்கிறார்.

நான்காவது பாட்டில் இன்னும் படுத்திருக்கிறது. ஆட்டு விலாவுக்கு என்று வைத்திருக்கிறேன்.

நிலவறைப் படிக்கட்டு

போகும்போது பையில் ஓர் ஆப்பிளைப் போட்டுக்கொள்ளுங்கள்.