கேமல் பிராசஸருக்குள் பிராப்பர்ட்டி மதிப்பு நல் (null, அதாவது மதிப்பே இல்லை) என்று வருகிறது, உதவுங்கள்

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில், மெசேஜ்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் அப்பாச்சி கேமல் ஓடுகிறது. கியூவில் வரும் ஆர்டர் மெசேஜைக் கோப்பாக எழுத வேண்டும், எந்த ஃபோல்டரில் என்பது அப்ளிகேஷன் டாட் பிராப்பர்ட்டீஸ் என்ற செட்டிங்ஸ் கோப்பில் இருக்கிறது. ரூட்டுக்குள் (மெசேஜ் போகும் பாதையை எழுதும் இடம்) இரட்டை நெளிவு அடைப்புக்குறியில் அந்தக் கீயைப் போட்டால் மதிப்பு ஒழுங்காக வருகிறது, ஆனால் அதையே, மெசேஜைக் கையாளும் பிராசஸர் கிளாஸில் ஸ்பிரிங்கின் அட் வேல்யூ அனோட்டேஷன் போட்டு எடுத்தால் நல்தான். நேற்று சர்வரில் பார்த்தால் நல் என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகி, அதற்குள் எல்லா ஆர்டரும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது!

ரூட்டில் அந்தப் பிராசஸரை நானே நியூ போட்டு உருவாக்குகிறேன், அப்படிச் செய்தால் ஸ்பிரிங் அதைத் தொடாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போதைக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து (மெசேஜைச் சுமந்து வரும் ஆப்ஜெக்ட்) கேமல் கான்டெக்ஸ்ட்டை எடுத்து ரிசால்வ் பிராப்பர்ட்டி பிளேஸ்ஹோல்டர்ஸ் மெத்தடைக் கூப்பிடுகிறேன், வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு மெசேஜுக்கும் கூப்பிடுவது சரியாகப் படவில்லை.

பிராசஸரை காம்போனென்ட் ஆக்கி ரூட்டில் இன்ஜெக்ட் செய்வதா, இல்லை கேமலின் பிராப்பர்ட்டி இன்ஜெக்ட் அனோட்டேஷனா? ஸ்பிரிங்கை ஏற்றாமல் யூனிட் டெஸ்ட் எழுத வேண்டும் என்பதால் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே மதிப்பைக் கொடுத்துவிடலாமா என்றும் யோசனை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?